வழிப்போக்கருக்கே ஓவியக்கூடம்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். நேரம் குறைச்சல், விஷயத்துக்கு வந்துடறேன்.

சென்னையில இலவசமாத் திறந்திருக்கிற ஓவியக்கூடங்கள் யாருக்கு? விவரம் தெரிஞ்சவருக்கா, வழிப்போக்கருக்கா? நாங்க வழிப்போக்கர் கட்சி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "வழிப்போக்கன் அங்க படம் பார்க்கவா போறான்? ஏசி காத்து வாங்கப் போறான்"னார். நீங்களும் நல்லாக் கைதட்டினீங்க. சரி, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல ஏசி.

ஐயா, அந்த ஏசியை சுவத்துல தொங்குற காகிதத்துக்காகப் போட்டிருக்காங்க. மழைக்காலத்துல பொரிச்ச அப்பளத்தை டப்பாவுக்கு வெளிய வெச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல நமத்துப் போகும். வாட்டர் கலர் வரைஞ்ச காகிதமும் அப்படித்தான். காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு உப்பும், அலை அலையா நெளியும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல போய் அங்கேயே நின்னா பூஞ்சை பிடிக்கும். அப்புறம் பழுப்புப் புள்ளி விழும், அது லேசுல போகாது. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில 80 சதவீதம்கிறது சாதாரணம்.

கேன்வாஸ் மட்டும் என்ன? ஈரம் ஏறினா தொய்யும், காய்ஞ்சா இறுகும். அதுக்கு மேல இருக்கிற பழைய எண்ணெய் வண்ணம் இந்த இழுபறிக்கு ஈடு கொடுக்க முடியாம விரிசல் விடும். அக்ரிலிக் வண்ணம் வேற மாதிரி. சூட்டுல இளகி லேசாப் பிசுபிசுக்கும், அப்போ ஒட்டின தூசி பிறகு துடைச்சா வராது. பகல்ல ஏசியை ஓட்டிட்டு ராத்திரி அணைச்சா படம் தினமும் ஒரு தரம் சுருங்கும், ஒரு தரம் உப்பும். அதுக்கு வேண்டியது ஏறி இறங்காத ஒரே நிலை. குளிர்ச்சி இரண்டாம் பட்சம்.

இதை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போங்க. பாத்ரூம் ஒட்டின சுவர்லயும், சாரல் அடிக்கிற வெளிச்சுவர்லயும் படம் மாட்டாதீங்க. சட்டத்துக்குப் பின்னாடி கீழ் மூலை ரெண்டுலயும் கார்க் துண்டு ஒட்டினா சுவத்துக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது, நடுவுல மவுண்ட் அட்டை வெச்சு இடைவெளி விடச் சொல்லுங்க. தொட்டுக்கிட்டு இருந்தா ஈரத்துல ஒட்டிக்கும். பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோட வரும், படம் போச்சு.

ஏசி விஷயம் இவ்வளவு இருக்குங்க. ஒரு வரி கிண்டலுக்கு இத்தனை பதிலான்னு நடுவர் பார்க்கறார். கிண்டலுக்குக் கைதட்டல் விழுந்துச்சே, அதனாலதான்.

அடுத்து, "விவரம் வேணும்"னாங்க. என்ன விவரம்? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-லேர்ந்து 'சொற்களும் குறியீடுகளும்'னு ஒரு வரிசை வரைஞ்சார். படம் பூரா எழுத்து மாதிரி கிறுக்கல், எண்கள், கட்டங்கள். ஜாதகக் கட்டம்! ஜாதக நோட்டைப் பார்க்காத வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கும்? வெளிநாட்டுக்காரருக்கு அது புரியாத சின்னம். நம்ம வழிப்போக்கருக்கு அது பெட்டிக்குள்ள மஞ்சள் தடவி வெச்சிருக்கிற காகிதம். அந்த எழுத்தைப் படிக்கப் பார்ப்பார், படிக்க வராது. அந்தத் தவிப்போட கொஞ்ச நேரம் நிப்பார். படம் பார்க்கிறதுங்கிறது அதுதானே?

அதே பணிக்கர் பத்தி இன்னொண்ணு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில இருக்கே, 1850-ல ஆரம்பிச்ச கலைப்பள்ளி, அதுக்கு அவர் முதல்வரா இருந்தார். படிச்சு வெளிய வந்த பிள்ளைங்களோட படத்தை வாங்க ஆள் கிடையாது. என்ன பண்ணினாங்க? பாடிக் துணி போட்டாங்க. துணி வித்துச்சு. அந்தக் காசுல ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கி 1966-ல ஊரையே உண்டாக்கினாங்க. அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். படம் விக்கல, துணி வித்துச்சு, ஊர் வந்துச்சு!

இதை நான் ஒரு தரம் சொல்லிட்டுப் போக மாட்டேன். எதிரணி நண்பருக்காக மெதுவா இன்னொரு தரம் சொல்றேன். பாடிக்னா என்ன? கஞ்சி போக அலசின வெள்ளைப் பருத்தித் துணி. மேல உருகின மெழுகால கோடு இழுக்கணும். மெழுகுல சூடு பத்தலைன்னா துணி மேல வெள்ளையாப் படிஞ்சு நிக்கும், சாயம் அடியில புகுந்து கோட்டைத் தின்னுடும். சூடு மிஞ்சினா புகையும், கோடு பரவிடும். பதம் சரியா இருந்தா மெழுகு பட்ட இடம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஆகும், திருப்பிப் பார்த்தா பின்பக்கமும் கோடு தெரியும். பாரஃபின் மட்டும் போட்டா நொறுங்கிக் கொட்டும். தேன்மெழுகு மட்டும் போட்டா வெடிப்பே விழாது. அதனால ரெண்டையும் கலக்கணும். சாயத்தொட்டி பச்சைத் தண்ணியா இருக்கணும், சூடா இருந்தா மெழுகு இளகிடும். வெளிர் நிறம் முதல்ல, அடர் நிறம் கடைசியில. நடுவுல துணியை லேசாக் கசக்கினா மெழுகு வெடிக்கும். அந்த வெடிப்புல சாயம் இறங்கி, வெத்தலை நரம்பு மாதிரி மெல்லிசாக் கோடு ஓடும். கடைசியில கொதிக்கிற தண்ணியில மெழுகைக் கழட்டணும்.

இதுதாங்க சென்னையில நவீன ஓவியம் காலூன்றின கதை. சாயத்தொட்டியில கை விட்டவங்க கதை. சாயம் போற புடவையைப் பார்த்தே "இது மூணு துவைப்புத் தாங்காது"ன்னு சொல்ற அம்மாவுக்கா விவரம் இல்ல? (சோழமண்டலத்துல இருக்கிற மியூசியத்துக்கு டிக்கெட் உண்டு. எதிரணி அதைச் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்.)

எப்படிப் பார்க்கணும்னு சுருக்கமாச் சொல்லிடறேன். போறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. ஒரு கண்காட்சி முடிஞ்சு அடுத்ததை மாட்டுற நாள்ல போனா வெறும் ஆணிதான் இருக்கும். திறப்பு விழா சாயங்காலம் வேண்டாம், தோள்தான் தெரியும். வாரநாள் மத்தியானம் போங்க. முதல்ல நிக்காம ஒரு சுத்து. காலைப் பிடிச்சு நிறுத்தின ஒரே ஒரு படத்துக்குத் திரும்பி வாங்க. தள்ளி நின்னு, அப்புறம் கிட்டப் போய், அப்புறம் பக்கவாட்டுல நின்னு பாருங்க. பக்கவாட்டுல பார்த்தாத்தான் வண்ணத்தோட மேடு பள்ளம் தெரியும். விரலை மட்டும் வைக்காதீங்க, வேர்வையும் எண்ணெயும் தங்கிடும். ஓவியரே அச்சு போட்டு எடுத்த படத்துக்குக் கீழ பென்சில்ல 3/25ன்னு இருந்தா விலைன்னு நினைக்காதீங்க, இருபத்தஞ்சு பிரதியில மூணாவதுன்னு அர்த்தம். பக்கத்துல சிவப்புப் பொட்டு இருந்தா வித்தாச்சு. இவ்வளவுதான் விவரம். ரெண்டு நிமிஷம் ஆகல.

இப்ப என்னோட கிரீம்ஸ் ரோட்டுக்கு வாங்க. அங்க மத்திய அரசோட கலை அமைப்பான லலித் கலா அகாதமியோட மண்டல மையம் இருக்கு. அச்சுப் பட்டறை, சிற்பப் பட்டறை, பீங்கான் பட்டறை, காட்சிக்கூடம், எல்லாம் ஒரே வளாகம். கண்காட்சி பார்க்கக் காசு கிடையாது. அதே சாலையை ஒட்டித்தான் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கு. அந்த நடைபாதையை நீங்க பார்த்திருப்பீங்க. கையில ஸ்கேன் கவர், தோள்ல பிளாஸ்டிக் கூடை, கண்ணுல தூக்கமில்ல. உள்ள யாரோ படுத்திருக்காங்க. "சாயங்காலம் வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் எங்க போறது? ஓட்டல்ல எத்தனை காபி குடிக்கிறது? கோயில் நடை சாத்தியாச்சு.

அந்த மனுஷன் ஒரு கதவைத் தள்ளிப் பார்க்கிறார்னு வெச்சுக்குங்க. யாரும் டிக்கெட் கேட்கல, எந்த ஊருன்னு கேட்கல. சுவத்துல நீலமா ஒரு படம். என்னன்னு தெரியல. நிக்கிறார். காலையிலேர்ந்து முதல் தடவையா, அவர்கிட்ட எதுவும் கேட்காத ஒண்ணுக்கு முன்னாடி நிக்கிறார்.

நண்பரே, அவர் ஏசிக்குத்தான் ஒதுங்கினார். நீங்க சொன்னது சரி. நான் இவ்வளவு நேரம் ஈரப்பதம், விரிசல், பூஞ்சைன்னு பேசினதையெல்லாம் தள்ளி வெச்சுடறேன். ஏசிக்கே ஒதுங்கட்டும். பத்து நிமிஷம் அந்த நீலத்துக்கு முன்னாடி நிக்கட்டும். போன் வந்ததும் கவரை எடுத்துக்கிட்டு ஓடட்டும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்தக் கவரை நினைச்சுக்குங்க. வணக்கம்.