படம் போட்ட கதை யாருக்கு?

(மொரிசியஸ், ரோஸ் ஹில்லில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

தலை நரைத்தவன் படம் போட்ட சிறுவர் கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். 1950-இல் ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது மணியம் அதற்குப் படம் வரைந்தார். வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள் குழந்தைகளா? பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்டவர்கள் குடும்பஸ்தர்கள். வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவையே அந்தக் கோடுகள்தாம். படம் இருந்தால் அது குழந்தைச் சரக்கு என்ற கௌரவம் பிறகுதான் நமக்குள் புகுந்தது.

படத்தை வெறும் அலங்காரமாக நினைப்பதில்தான் கோளாறு. ஆலிஸ் என்ற சிறுமி நிலைக்கண்ணாடிக்குள் புகும் கதை 1871-இல் வெளிவந்தது. எழுதியவர் லூயிஸ் கரோல், வரைந்தவர் ஜான் டென்னியல். முதல் பதிப்பில், அவள் கண்ணாடிக்குள் நுழையும் படம் தாளின் முன்புறம். மறுபக்கம் வெளிவரும் படம் அதே தாளின் பின்புறம். தாளைப் புரட்டும் நம் விரல்தான் அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே கடிகாரத்தில் ஒரு கிழவர் முகம் இளித்துக்கொண்டிருக்கிறது! இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டால் அந்த விளையாட்டே செத்துவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது, கதையைப் படிக்காமலே படம் போட்ட புத்தகங்களைப் பார்க்கும்போதுதான். திருடன் யாரென்று கதை சொல்வதற்கு இரண்டு பக்கம் முன்பே படம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் நொண்டி நாய். படத்தில் அது நாலுகால் பாய்ச்சலில் ஓடும். குழந்தை சட்டென்று பிடித்துவிடுகிறது. நாமோ படத்தைப் பார்க்காமலே பக்கத்தைத் தள்ளுகிறோம்.

நம் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. ஆனால் நம்மில் பலர் வீட்டில் கிரியோல் பேசி, பிரெஞ்சில் பத்திரிகை படித்து, தமிழைக் கோயிலிலும் வகுப்பிலும் மட்டும் பார்க்கிறவர்கள். அவர்கள் பெரிய நாவலைத் தொட்டால் இருபதாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். பத்துச் சிறு அத்தியாயங்கள், ஆங்காங்கே படம் என்றால் முடித்துவிடுவார்கள், அடுத்ததையும் கேட்பார்கள். அதற்காக மொழிப் பயிற்சிக்கான கஷாயமாக விழுங்க வேண்டாம். கதை நன்றாக இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி காத்திருக்கிறது என்று மோப்பம் பிடித்தால் நான் பாதியிலேயே வைத்துவிடுவேன்.

அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கொரு கதைப் புத்தகம் எடுத்து வாருங்கள். ‘பேரனுக்காக வாங்கினேன்’ என்பவர்களுக்குத் தேநீர் கிடையாது.