மாட்ஸ்-சி போட்டால் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம் மக்களே. இப்போதெல்லாம் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "மாட்ஸ்-சி என்று ஒரு பெப்டைட் (குட்டிப் புரதம்) ஊசி இருக்கிறதாமே, அதைப் போட்டால் சோர்வு போய்விடுமா, தைராய்டு மாத்திரையை விட்டுவிடலாமா?" விடக் கூடாது. அவ்வளவுதான் பதில். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கதை நன்றாக இருக்கும், அதனால் உட்காருங்கள்.

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு டிஎன்ஏ உண்டு. மொத்தம் 37 மரபணுக்கள். அதில் புரதம் செய்வது 13 மட்டும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். 2015இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாங்ஹான் லீ, பிஞ்சாஸ் கோஹன் குழுவினர், 12எஸ் ஆர்என்ஏ மரபணுவுக்குள்ளேயே இன்னொரு குட்டிப் பெப்டைடுக்கான குறிப்பு ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். வெறும் 16 அமினோ அமிலம். அதுதான் மாட்ஸ்-சி.

இது செய்யும் வேலையில் ஒரு தந்திரம் இருக்கிறது. செல்லில் ஃபோலேட் என்ற பி வைட்டமினின் சுழற்சியை இது தடுக்கிறது. அதனால் டிஎன்ஏவுக்குத் தேவையான பியூரின் என்ற பொருளின் தயாரிப்பு பாதியில் நின்று, அய்கார் என்ற இடைப்பொருள் தேங்குகிறது. அந்த அய்கார், ஏஎம்பிகே என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. ஏஎம்பிகே என்பது வண்டியில் பெட்ரோல் ரிசர்வுக்கு வந்ததும் எரியும் விளக்கு மாதிரி. டேங்கில் எண்ணெய் இருக்கும்போதே மாட்ஸ்-சி அந்த விளக்கை எரிய வைக்கிறது. உடனே செல் குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது, கொழுப்பை எரிக்கிறது. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகள் இதைப் போட்டதும் குண்டாகவில்லை, இன்சுலினும் ஒழுங்காக வேலை செய்தது. எலிகள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தைராய்டுக்கு வருவோம். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் விடுவது டி4 என்ற ஹார்மோன். அதில் நான்கு அயோடின். திசுக்களில் டீஅயோடினேஸ் நொதி ஒரு அயோடினைக் கழற்றினால்தான் அது வேலை செய்யும் டி3 ஆகிறது. டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகிறது: புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடம்பு சூடு பிடிக்கிறது. சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு கலோரி செலவாகும் என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு.

இரண்டும் சேரும் இடம் மைட்டோகாண்ட்ரியாதான், அதை மறுக்கவில்லை. பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று உண்டு, வெப்பம் உண்டாக்குவதற்கென்றே இருப்பது. குளிரில் வைத்த எலிகளில் மாட்ஸ்-சி அதைத் தூண்டியது. டி3யும் அதே கொழுப்பைத்தான் தூண்டுகிறது. இதை வைத்துத்தான் "தைராய்டுக்கு மாற்று" என்று விற்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சுரப்பியே பழுதாகி டி4 வரவில்லை என்றால், 16 அமினோ அமிலம் அயோடினை எங்கிருந்து கொண்டு வரும்? டி3க்காகக் காத்திருக்கும் மூளை, இதயம், குடல் எல்லாம் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம், நம் உடம்பே மாட்ஸ்-சி தயாரிக்கிறது. 2021இல் வெளிவந்த ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் சைக்கிள் மிதித்த பிறகு தசையில் இதன் அளவு சுமார் 12 மடங்கு ஏறியிருந்தது. ஊசி மருந்துக்கோ அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் இல்லை. குப்பியிலேயே "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சடித்து விற்கிறார்கள். போட்டிகளில் ஓடுபவர்கள் கூடுதல் கவனம்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இது இருக்கிறது.

தைராய்டு மாத்திரை எடுத்தும் சோர்வு போகவில்லை என்றால் முதலில் ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பாருங்கள். மாத்திரையில் இருக்கும் டி4 உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் டோஸ் மாற்றியவர்கள் 6 முதல் 8 வாரம் பொறுத்துப் பரிசோதிக்க வேண்டும். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். இல்லாவிட்டால் சில ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் சோர்வு இன்னும் கூடும்.