பம்பைக் கடைசியில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றி வருகிறவர்கள், பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டு போகிறவர்கள், வாடிப்பட்டியில் தேங்காய் ஏற்றுகிறவர்கள் என்று பழைய டீசல் பிக்கப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள் நம்ம பக்கம் ஏராளம். அவர்களில் யார் பட்டறைக்குள் வந்தாலும், "அண்ணே, வண்டி டீசல் குடிக்குது, பம்பைக் கொஞ்சம் பாருங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற அந்தப் பம்பைக் கடைசியில் பாருங்கள் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் மைலேஜ் விழுந்தால், கோளாறு பெரும்பாலும் சக்கரத்திலோ, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டத்திலோ, காற்று வரும் வழியிலோதான் இருக்கும். பம்ப் வேலைக்கு ஆகும் பணத்தில் சிறு பங்கிலேயே இதையெல்லாம் சரிசெய்துவிடலாம்.

முதலில் கணக்கு ஒழுங்காக வேண்டும். மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்வது கணக்காகாது. டேங்கை நிரப்பி, டீசல் தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிலோமீட்டரைக் குறித்துவிட்டு, வழக்கமான லோடோடு ஓட்டுங்கள். பிறகு அதே பெட்ரோல் பங்க்கில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். 520 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 13. இப்படி மூன்று தடவை பார்த்தால் நம்பலாம். டயர் அளவை மாற்றியிருந்தால், ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லோடு மீட்டரை ஒத்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட வண்டியில் மீட்டர் குறைத்துக் காட்டும். மைலேஜ் விழாமலே விழுந்ததுபோலத் தெரியும். மாதம் 3000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி 11-லிருந்து 13-க்கு ஏறினால் 42 லிட்டர் மிச்சம். தவணை கட்டுகிற வீட்டுக்கு அது பெரிய தொகை.

அடுத்தது பிரேக். என் அனுபவத்தில் பழைய வண்டிகளின் டீசலை அதிகம் தின்பது இதுதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். பின்சக்கரத்தைப் பார்க்கும்போது கியரும் ஹேண்ட் பிரேக்கும் விடுபட்டிருக்க வேண்டும். நல்ல சக்கரம் தடையில்லாமல் சுற்றும். பிடிக்கிற சக்கரம் "சர்சர்" என்று உரசி, பாதிச் சுற்றில் நின்றுவிடும். பின்பக்கம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்கலாம், பிரேக் கட்டையைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம். முன்பக்கம் என்றால் பலரும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸை விட்டுவிடுகிறார்கள். ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு போலிருக்கும். உள்ளே ஊதிப்போய்த் துவாரம் அடைபட்டிருக்கும். பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வராது. இந்த வண்டி மதுரையிலிருந்து தேனி வரைக்கும் பிரேக் போட்டபடியேதான் ஓடுகிறது, டிரைவருக்கும் தெரியாது. லோடு இறக்கியதும் நாலு சக்கரத்தின் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் "சுர்" என்று ஆவி பறந்தால் அங்கேதான் பிடிக்கிறது. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

டயர்க் காற்றை டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக் கையேட்டில் இருக்கிறது. லோடுக்கும் காலிக்கும் தனித்தனி அளவு.

இனி நம்ம ஊர் வெயில் கொண்டுவந்த ஒரு கெட்ட பழக்கம். வண்டி ஹீட் ஆகிறது என்றால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுதாக எரியாது, ஆயில் கெட்டியாகவே இருந்து இழுக்கும், பிஸ்டன் ஓடுகிற லைனரும் சீக்கிரம் தேயும். விடியற்காலையில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிற பூ வண்டிக்குத்தான் இதில் அடி அதிகம். சில இன்ஜின்களில் வால்வைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும்; ஏற்றத்தில் இன்னும் சூடாகும். ஹீட்டுக்கு உண்மையான காரணம் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள் படிந்த உப்புதான். போர் தண்ணியை ஊற்றி ஊற்றி வந்த வினை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றி, புது வால்வு போடுங்கள். வால்வு நல்லதா என்று பார்க்க, நூலில் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் இறக்குங்கள். கண்ணெதிரே திறக்க வேண்டும், வெளியே எடுத்து ஆறியதும் மூட வேண்டும்.

காற்று வழிக்கு வருவோம். மேலூர்ப் பக்கம் குவாரி ரோட்டில் ஓடுகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டி என்றால், அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பாருங்கள். கிளிப் ஓரத்தில் எண்ணெய்க் கசிவும் கரியும் இருந்தால் காற்று அங்கே தப்பிக்கிறது. கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்தே வரும்.

ஓட்டுகிற விதத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டைத்தான் சொல்வேன். வேகம் 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. பூ மூட்டை எடை குறைவு என்றாலும், தார்ப்பாய் கட்டி உயர்ந்து நிற்கும்போது காற்று நன்றாகப் பிடிக்கும். பெட்ரோலியச் சேமிப்புக்கான அமைப்பான பி.சி.ஆர்.ஏ. சொல்லும் வேகம் 45 முதல் 55 கிலோமீட்டர்.

இரண்டாவது, ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு. தம்பிகளே, அதில் டீசல் மிச்சமாகாது. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் எரிய வேண்டியிருக்கும். இன்ஜினையே அணைத்து இறங்குவது அதைவிட ஆபத்து. இன்ஜின் ஓடும்போது உண்டாகி, பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். லோடோடு வளைவில் வரும்போது உங்கள் உயிர் மட்டுமா, எதிரே பைக்கில் வருகிறவன் உயிரும் போகும்.

இத்தனையும் பார்த்தும் புகை கறுப்பாகவே வந்தால் டீசல் பம்பும் நாசிலும் பார்க்கிற பம்ப் ரூமுக்குப் போங்கள். அங்கே, "இழுவை வேண்டும், டீசல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். கூடுதலாகப் போகிற டீசல் எரியக் காற்று போதாமல் புகையாக வெளியே போகும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறவர் பேச்சையும் கேட்காதீர்கள். அதில் வழவழப்பு குறைவு, பம்ப் தேய்ந்துவிடும். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலை டெஸ்டரில் மாட்டிக் காட்டச் சொல்லி, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நாசில் பனிப்புகை போலத் தெளிக்கும், நுனியில் சொட்டு நிற்காது. கோடாகப் பீய்ச்சுகிற நாசிலையும் சொட்டுகிற நாசிலையும் மட்டும் மாற்றினால் போதும். மாற்றிய பழைய நாசிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வணக்கம்.