வீடு திரும்பிய பின் எண்ண வேண்டிய மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். இரவில் இருமலும் காய்ச்சலுமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது வைரஸ் சளிதான் என்பதால், காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்களில் சிலர் நான்கைந்து நாட்களில் நிமோனியாவோடு திரும்பி வரும்போது, "அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்திருக்கக் கூடாதா, டாக்டர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் அன்றைக்கு அந்த நுரையீரலில் நிமோனியா இல்லாமலே இருந்திருக்கலாம்.

வைரஸ் மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் புண்ணாக்கி, சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளை முடக்கிய பிறகு, மூக்கிலும் தொண்டையிலும் முன்பே குடியிருக்கும் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் கீழே இறங்கிக் காற்றறைகளில் பெருகுவதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாளே ஆன்டிபயாடிக் கேட்பவர்களும் உண்டு. அது வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்குத்தான் இடம் கொடுக்கும்.

அதனால் வீடு திரும்பிய பின் உங்களுக்கு வேண்டியது நொடிமுள் உள்ள ஒரு கடிகாரம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. காய்ச்சலும் மூச்சை விரைவுபடுத்தும் என்பதால், சூடு தணிந்ததும் இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஆனால் மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் படிப்படியாகத் தொடங்கி 2021-இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணைகளாக அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. தனியாரிடம் விலை கொடுத்தால்தான் கிடைக்கும் என்று இன்னமும் நம்பித் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று: தணிந்த காய்ச்சல் நான்காம், ஐந்தாம் நாளில் மறுபடி ஏறினால் விடியட்டும் என்று காத்திராமல் வாருங்கள். எண்ணிய நேரத்தையும் எண்ணிக்கையையும் ஒரு துண்டுத்தாளில் குறித்து எடுத்து வந்தால், பரிசோதிக்கும் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். வணக்கம்.