டீசல் எத்தனை பாத்திரம் மாறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வேலைத்தளங்களில் கனரக இயந்திரங்களுக்கான எரிபொருளை எப்படிச் சேமிப்பது, எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். கார் வைத்திருப்பவர் டீசல் தீர்ந்தால் பங்க்குக்குப் போய்விடுவார். 20 டன் எக்ஸ்கவேட்டர் எங்கே போகும்? செயின் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் நகர்ந்தாலே அதிகம். நடக்க நடக்கச் செயினும் ரோலரும் தேயும். அது நிற்கும் இடத்தைத் தேடி டீசல்தான் போயாக வேண்டும்.

பேரலா, டேங்கா, டீசல் சுமந்து போகும் பவுசர் வண்டியா, எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் எதிர்க்கேள்வி ஒன்று போடுவது வழக்கம். லாரியில் வரும் டீசல், இயந்திரத்துக்குள் போவதற்குமுன் எத்தனை முறை பாத்திரம் மாறுகிறது? ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் தூசு சேரும், கொஞ்சம் காணாமலும் போகும். எண்ணிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பேரலை எடுத்துக்கொள்வோம். சிறிய வேலைகளுக்கு இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. 200 லிட்டர் பேரல் நிரம்பினால் ஏறக்குறைய 190 கிலோ. உருட்டும்போது கால் நசுங்கியவர்களை எனக்குத் தெரியும். பேரலிலிருந்து கைப்பம்பு வழியாகக் கேனுக்கு, கேனிலிருந்து புனல் வழியாக வண்டிக்கு. இந்தக் கைப்பம்பை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு பேரல் காலியானதும் பம்பை உருவி மண்மீது சாய்த்து வைப்பார்கள். ஈரமாக இருக்கும் குழாயில் மணல் மாவு பூசியதுபோல ஒட்டிக்கொள்ளும். அடுத்த பேரலுக்குள் அதே குழாய் அப்படியே இறங்கும். ஆபரேட்டரைக் கேட்டால், "பில்டர் இருக்கிறதே" என்பார்.

மழை இன்னும் பொல்லாதது. பேரலின் மேல்விளிம்பு உயர்ந்திருப்பதால், நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைநீர் தட்டில் நிற்பதுபோல் நிற்கும். பகலில் சூடேறும்போது உள்ளேயுள்ள காற்று விரிந்து, மூடியின் இடுக்கு வழியாக வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் பேரல் மூச்சை உள்ளே இழுக்கும். அப்போது காற்றோடு மூடியைச் சுற்றி நிற்கும் தண்ணீரும் உள்ளே போகும். மூடியை இறுக்கித்தானே வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் பயனில்லை, வாஷர் தேய்ந்திருந்தால் அது போதும். பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் இடதும் வலதுமாக ஒரே மட்டத்தில் இருக்கும்படி திருப்பிவிட்டால் மூடிகள் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், தண்ணீருக்கு வழியிருக்காது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால், மூடிகளில் தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சாய்த்து, மேலே தார்ப்பாய் போடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் பொறுப்பிலிருந்த ஒரு தளத்தில் எக்ஸ்கவேட்டர் ஒன்று இழுவை குறைந்து, மண்ணில் வாளியை ஊன்றியபடி நின்றுவிட்டது. பில்டரை மாற்றினோம். மறுநாளும் நின்றது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்திலிருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தோம். மேலே வெளிர்மஞ்சள் டீசல், அடியில் தெளிந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பாசி. டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறிவிடும். பில்டரை அடைப்பது அந்தக் கசடுதான். டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின்களில் அந்த அழுத்தம் 2,000 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்கைத் தொடுகிறது. டீசலைப் பீய்ச்சும் முனையான இன்ஜெக்டருக்குள் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் போனால் அது பிழைக்குமா? இன்ஜெக்டர்களை மொத்தமாக மாற்றினோம். மழைக்காலம் முழுவதும் பேரல்களை நிமிர்த்தி வைக்கச் சொன்னவன் நான்தான்.

மாதக்கணக்கில் ஓடும் வேலைக்கு நிலையான டேங்க் வைப்பதே சரி. இரட்டைச் சுவர் டேங்க் வாங்குங்கள், அல்லது டேங்கைச் சுற்றித் தடுப்புத் தொட்டி கட்டுங்கள். அந்தத் தொட்டி, டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. டேங்க் முழுவதும் கசிந்தாலும் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும், அதற்குமேல் கொஞ்சம் மழைக்கும் இடம் வேண்டும். ஆனால் தொட்டியில் தேங்கும் மழைநீர் வடியட்டும் என்று வடிகால் வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தொட்டி எதற்கு? டேங்கின் அடித்தளம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் அங்கே சேரும். வடிகுழாய் அந்தப் பக்கமும், உறிஞ்சுகுழாய் மறுபக்கத்தில் அடியிலிருந்து சற்று உயரத்திலும் இருக்கட்டும். உட்புறம் துத்தநாகம் பூசிய டேங்க் வேண்டாம், டீசலோடு அது வினைபுரியும். லாரி இறக்கிய உடனே எடுக்கத் தொடங்காமல், கலங்கியது சில மணி நேரம் தெளியட்டும்.

இயந்திரங்கள் பரந்து கிடக்கும் தளத்துக்குப் பவுசர்தான். பம்பு, பில்டர், மீட்டர் எல்லாம் ஒரே வண்டியில் வந்துவிடும். பாதி நிரம்பிய பவுசர் சரிவில் திரும்பும்போது டீசல் ஒரு பக்கமாக அலைந்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு மேல் குடிக்கும் பெரிய டம்பர்களுக்கு, டேங்கோடு பூட்டிக்கொள்ளும் நாசில் வந்திருக்கிறது. மூடியைத் திறக்காமலே வேகமாக நிரப்பி, நிறைந்ததும் தானே நின்றுவிடும். எந்த முறையானாலும் ஷிப்ட் முடிந்ததும் நிரப்புங்கள், காலையில் அல்ல. காலியாகக் கிடக்கும் டேங்கில் இரவெல்லாம் ஈரக்காற்று வியர்க்கும்.

சப்ளையரின் வண்டியே நேராக வந்து நிரப்பிவிட்டுப் போவதும் உண்டு. பாத்திரம் மாறுவது மிகக் குறைவு இதில்தான். ஆனால் பாதை சேறானால் வண்டி வராது, இரண்டு மூன்று நாள் கையிருப்பு இல்லாதவர்கள் திண்டாடுவார்கள்.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடாக இறங்கிய 10,000 லிட்டர் டீசல் 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 80 லிட்டர் சுருங்கும். யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஸ்டோர் கீப்பர் திருடன் பட்டம் வாங்குவார். அளவுகோலோடு வெப்பமானியும் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் சந்தேகப்படலாம்.

தீயைப் பொறுத்தவரை டீசல் பெட்ரோலைப்போலச் சட்டென்று பற்றாது. அந்தத் தைரியத்தில்தான் எஞ்சினை ஓடவிட்டு நிரப்புகிறார்கள். வெடித்த ஹோஸிலிருந்து பனிபோலத் தெறிக்கும் டீசல், பழுக்கச் சூடான டர்போவில் பட்டால் பற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்துங்கள். நிலைமின்சாரப் பொறி எழாதபடி எர்த் ஒயரை மாட்டுங்கள்.

நாளைக் காலை ஷிப்ட் தொடங்குமுன், டேங்கின் அடிவால்வைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். ஹெல்பரை அனுப்பாமல் நீங்களே போங்கள். கலங்கலாக இருந்தால் தெளிவாக வரும்வரை பிடித்துக்கொண்டே இருங்கள், பிடித்ததைத் தரையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.