தங்க ட்ரவுட்டின் ஓடையில் ஃப்ளை ஃபிஷிங்

[காட்சி: புல்வெளி நடுவே வளைந்து ஓடும் ஒடுங்கிய ஓடை]

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரின் தென்கோடி. சாலை கீழேயே முடிந்துவிட்டது. மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்துதான் இங்கே வர முடியும். இங்குள்ள கோல்டன் ட்ரவுட் கிரீக்கும் கெர்ன் ஆற்றின் தென்கிளையும்தான் தங்க ட்ரவுட் என்ற நன்னீர் மீனின் சொந்த ஊர். 1947இலிருந்து இதுதான் கலிஃபோர்னியாவின் மாநில மீன்.

[காட்சி: நீருக்குள் மீன், அருகில்]

நன்றாகப் பாருங்கள். அடிவயிற்றில் சிவப்பு, விலாவில் பொன் மஞ்சள், உடல் நெடுகக் கருமையான நீள்வட்டத் திட்டுகள். மற்ற ட்ரவுட்களுக்குக் குஞ்சுப் பருவத்தோடு மறைந்துவிடும் திட்டுகள் இவை. ஓடையில் வளரும் மீன் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும். எனக்கு இதைவிட அழகான மீன் கிடையாது.

ஓடை உறையாமல் இருக்கும் மாதங்கள் குறைவு என்பதால், மிதந்து வரும் பூச்சியை இந்த மீன் சட்டென்று கவ்விவிடும். அப்படியானால் பிடிப்பது சுலபமா? உங்களை அது பார்க்காத வரை சுலபம்தான்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஒளி நீருக்குள் வளைவதால், வெளியுலகம் முழுவதும் அதன் தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. தரையோடு தாழ்ந்திருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, மங்கலாகத்தான் தெரியும். கரையில் நிமிர்ந்து நின்றால் போச்சு! அதனால் கீழ்நீரிலிருந்து, மீனின் முதுகுப் பக்கமாக, குனிந்து போக வேண்டும். கடைசிச் சில அடிகளை முழங்காலிலேயே கடப்பது நல்லது. நிழல் நீரில் விழக்கூடாது, காலடி அதிரவும் கூடாது. வீசும் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடலாம் என்பேன்.

[காட்சி: கோல் பின்னால் போய் முன்னால் வருவது, மெதுவாக]

சரி, வீச்சுக்கு வருவோம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் இருப்பது இறகும் மயிரும் சுற்றிய பொய்ப்பூச்சி, அதற்கு எடையே இல்லை. எடை முழுவதும் தடித்த வீச்சுக் கயிற்றில்தான். கயிறு பின்னால் நீண்டு நேராகும் வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். கயிற்றின் நுனியில் போகப்போக மெலிகிற நரம்பு. அதன் முனையில் பூச்சி.

விழுந்த பூச்சி, நீர் போகும் வேகத்திலேயே மிதக்க வேண்டும். வேகமான நடு ஓட்டத்தில் கயிறு படுத்தால் அது பூச்சியைப் பிடித்து இழுக்கும். பின்னால் சிறு கோடு கிழியும், மீன் விலகிவிடும். சின்ன ஓடையில் இதற்கு வழி எளிது. கோலை உயர்த்திப் பிடித்து, கயிறு நீரைத் தொடாமல் மெல்லிய நரம்பை மட்டும் விடுங்கள். வேக நீரும் மெதுவான நீரும் சேரும் கோட்டில் பூச்சியை இறக்குங்கள். மீன் அங்கேதான் காத்திருக்கும்.

மீனின் வாயில் மாட்டிக்கொள்ளும் எதிர்முள் இல்லாத தூண்டில் முள், நனைத்த கை. மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், இந்த மலையின் பழைய கதை ஒன்று. 1876இல் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ஒருவர், சில தங்க ட்ரவுட்களைக் காபிக் கெண்டியில் போட்டு காட்டன்வுட் ஓடைக்குக் கொண்டுபோனார். அப்படி ஆரம்பித்தது, பின்னாளில் விமானத்திலிருந்து ஏரிகளில் மீன்குஞ்சுகளைக் கொட்டும் அளவுக்குப் போனது. அந்த உயர ஏரிகளில் பெரும்பாலானவற்றில் அதுவரை மீனே கிடையாது. அருவிகளைத் தாண்டி மீன் ஏற முடிந்ததில்லை.

இதற்கு விலை கொடுத்தவை அந்த ஏரிகளில் வாழ்ந்த மஞ்சள்கால் மலைத்தவளைகள். அவற்றின் தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்கே சில ஆண்டுகள் ஆகும். அதுவரை குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். ட்ரவுட்டுக்கும் அதே ஏரிதான் வேண்டும், தலைப்பிரட்டைகளை அது தின்றுவிடும். 2014இல் இந்தத் தவளை அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் சில ஏரிகளிலிருந்து வலை போட்டு ட்ரவுட்டை அகற்றுகிறார்கள். மீன்பிடிப்பவர்களில் பலருக்கு இதில் வருத்தம். எனக்கு இது சரியான வேலையாகவே படுகிறது.

தங்க ட்ரவுட்டுக்கும் ஆபத்து வெளியிலிருந்து வந்த மீன்களால்தான். ரெயின்போ ட்ரவுட்டோடு கலந்து அதன் இனம் நீர்த்துப்போகிறது. பிரௌன் ட்ரவுட் அதைத் தின்றே விடுகிறது. அதனால் தென்கிளையில் அந்த மீன்கள் மேலே ஏறாதபடி தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். ஒரு நீர்நிலையில் பிடித்த மீனை உயிரோடு இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே கூடாது.

எந்த நீரில் எத்தனை மீன், எந்த முள் என்ற விதிகள் இடத்துக்கு இடம் மாறும். கிளம்பும் முன் அந்த ஆண்டுக்கான மாநில விதிகளைப் படித்துவிடுங்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமமும் வேண்டும்.