ராத்திரி மாத்திரை: புரோஜெஸ்டிரோன் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் தோழிகளே. போன வீடியோவில் மெனோபாஸுக்கான ஈஸ்ட்ரோஜன் ஜெல் பற்றிப் பேசினேன். வந்த கேள்விகள் பெரும்பாலும் ஜெல்லைப் பற்றி இல்லை. "ஜெல் பரவாயில்லை அக்கா, கூடக் கொடுத்த அந்தப் புரோஜெஸ்டிரோன் மாத்திரைதான் படுத்துகிறது, தலை சுற்றுகிறது" என்றுதான் எழுதியிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் நானும் அதைத்தான் விழுங்குகிறேன், அதைப் பற்றி நிறையப் படித்துமிருக்கிறேன்.

முதலில், அதை ஏன் கொடுக்கிறார்கள்? ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ளே போனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே வரும். அப்படியே விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். 1975-லேயே அமெரிக்க ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன. அந்தச் சுவர் தடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் புரோஜெஸ்டிரோனின் வேலை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. இருக்கிறவர்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்று இதை மட்டும் நிறுத்திவிட்டு ஜெல்லைத் தொடரக் கூடாது. நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள் என்பதால்தான் இந்த வீடியோவே.

இப்போது அந்தத் தலைச்சுற்றல். மாத்திரையாக விழுங்கும் புரோஜெஸ்டிரோனை நம் கல்லீரல் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாற்றுகிறது. மூளையில் தூக்க மாத்திரைகள் பல எந்த ஏற்பியில் (மருந்து போய் ஒட்டும் பூட்டு மாதிரி) வேலை செய்யுமோ, அதில்தான் இதுவும் வேலை செய்யும். அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். காலையில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுக்காதீர்கள். இன்னொன்று, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் அளவு நன்றாகவே ஏறிவிடும், கிறுகிறுப்பும் கூடும். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பரோட்டா, கையோடு மாத்திரை என்றால் தலை சுற்றத்தான் செய்யும். நடுவில் பாத்ரூம் போக எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டு மெதுவாக எழுந்திருங்கள். தூக்கமே வராமல் புரண்டுகொண்டிருந்த எனக்கு இந்தப் பக்க விளைவு வரமாகத்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. சிலருக்கு அதே பொருள் நேர்மாறாக வேலை செய்யும். எரிச்சல், காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பில்லாத மனசு. சின்ன வயதில் மாதவிடாய்க்கு முந்தைய வாரம் வீட்டையே ரெண்டு பண்ணியவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் 200 மில்லிகிராம் போடுகிறவர்கள் இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். சமையலறை காலண்டரில் மாத்திரை போடும் நாளுக்கு ஒரு புள்ளி, மனசு சரியில்லாத நாளுக்கு ஒரு வட்டம். என் தோழி ஒருத்தி அப்படிக் குறித்தாள். வட்டமெல்லாம் புள்ளி மேலேயே விழுந்திருந்தது. அதை அப்படியே போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டினாள், மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

வயிறு உப்புசம், மார்பக வலி, தலைவலி எல்லாம் உண்டு. பலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். ரத்தப்போக்கு மட்டும் வேறு கணக்கு. 12 நாள் முறையில் மாத்திரை முடிந்ததும் மாதவிடாய் போல வருவது எதிர்பார்த்ததுதான். தினமும் 100 போடுகிறவர்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதம் திட்டுத்திட்டாகப் படலாம். அதற்கு மேலும் நின்றபாடில்லை, அல்லது நின்றுபோய் மறுபடி வருகிறது என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

"மார்பகப் புற்றுநோய் வருமாமே?" அந்தப் பயம் 2002-இல் நிறுத்தப்பட்ட பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துக் கொடுத்தது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை வகை. பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு எட்டுப் பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் அப்படிக் கூடவில்லை. இப்போது நம் கையில் இருப்பது பெரும்பாலும் மைக்ரோனைஸ்டு வகை, அதாவது நம் உடம்பில் சுரக்கும் அதே புரோஜெஸ்டிரோனை நுண்ணிய பொடியாக்கியது. பிரான்சில் நடந்த ஆய்வில் அதற்கு அபாயம் குறைவாகவே தெரிந்தது. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையா? அதே மருந்தைப் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொல்லலாம், நேராகக் கல்லீரலுக்குப் போகாததால் கிறுகிறுப்பு குறையும். டைட்ரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு செயற்கை வகைக்கு மாற்றலாம். காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் இருக்கிறது, மிரேனா என்பார்கள். எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயம், இதே மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பார்கள். சீட்டை நீட்டியதும் மெடிக்கல் ஷாப் பையன் "மருமகளுக்காம்மா?" என்று கேட்டான். "எனக்குத்தான்" என்றேன். அதற்கப்புறம் நிமிர்ந்தே பார்க்கவில்லை, பாவம்.

அமெரிக்காவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு: அங்கே விற்கும் புரொமெட்ரியத்தில் கடலை எண்ணெய் இருக்கிறது. வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சரி, அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.